தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது... மீன் ஏன் சாகிறது?

வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் கடைசி வாரத்தில் விற்றுவிட்டுப் போகும் சாமான்கள் எல்லாத் தொழிற்பேட்டை ஊர்களிலும் ஒரே மாதிரிதான். ஒரு கட்டில், ஒரு வாஷிங் மெஷின், குழந்தையின் சைக்கிள், அப்புறம் ஒரு மீன் தொட்டி. கடலூர் சிப்காட்டைச் சுற்றியும் அப்படித்தான். இரண்டடித் தொட்டி, ஸ்டாண்டு, மோட்டார், மூடி, லைட், கூழாங்கல் எல்லாம் சேர்த்துப் புது விலையில் பாதிகூட ஆகாது. வாங்குகிறவருக்கு லாபம். விற்கிறவருக்குப் பாரம் குறைந்தது.

அதற்குப் பிறகு நடப்பதும் பெரும்பாலான வீடுகளில் ஒரே மாதிரிதான். தொட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்த் தேய்த்துக் கழுவுவார்கள். கூழாங்கல்லை அலசி வெயிலில் காய வைப்பார்கள். ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பழுப்பாக ஒரு குழம்பு வரும். "சீ, எவ்ளோ அழுக்கு வெச்சிருக்காங்க பாரு" என்று குழாயடியில் பிழிந்து பிழிந்து அதைப் புதுசு போல ஆக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர் நிரப்பி, பத்துப் பன்னிரண்டு மீன் வாங்கி விட்டால் வீடே தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடும்.

திங்கள்கிழமை எல்லாம் அருமை. புதன்கிழமை ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வியாழக்கிழமை காலையில் ஒன்று மிதக்கும். வெள்ளி இரவுக்குள் இன்னும் மூன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ.

உடனே வீட்டில் விசாரணை தொடங்கும். "பாப்பாதான் தீனி டப்பாவையே கவுத்துட்டா" என்பார் ஒருவர். "கடைக்காரன் நோய் மீனைத் தலையில கட்டிட்டான்" என்பார் இன்னொருவர். "தொட்டியே ராசி இல்ல, அதான் அவங்களும் வித்துட்டாங்க" என்பார் பாட்டி. சிப்காட் பக்கத்தில் நாலாவதாக ஒரு வாக்கியமும் வரும்: "இந்த ஊர்த் தண்ணியில மனுஷன் இருக்கிறதே பெருசு, மீன் எங்க பிழைக்கும்?"

இந்த நாலில் எதுவும் சில சமயம் உண்மையாக இருக்கலாம். ஆனால் புதிதாக வைத்த தொட்டியில் முதல் வாரத்தில் மீன் செத்தால், பெரும்பாலும் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. குழாயடியில் பிழிந்து விட்டார்களே அந்த அழுக்கு, அதோடு சேர்ந்து சாக்கடையில் போய்விட்டது மீன்களின் பாதுகாப்பு.

அழுக்கில் குடியிருந்தவர்கள்

மீன் தன் உடம்பின் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாக, செவுள் வழியாகவே தண்ணீரில் விட்டுவிடும். ஆற்றிலும் குளத்திலும் அது பெரிய நீர்ப்பரப்பில் கரைந்து போகும். தொட்டியில் போவதற்கு இடமில்லை. மிஞ்சிய தீனியும், அழுகும் செடியும், கவனிக்காமல் விட்ட செத்த மீனும் அமோனியாவைத்தான் கூட்டும். அமோனியா செவுளைப் புண்ணாக்கும். மூச்சு வாங்கும் இடமே புண்ணானால் மீன் மேலே வந்து தவிக்காமல் என்ன செய்யும்?

நன்றாக ஓடும் தொட்டியில் இந்த விஷத்தை எடுப்பது மோட்டார் அல்ல, பாக்டீரியா. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேரும்வரை மீனுக்குக் கெடுதல் இல்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையைச் செய்வது பெரும்பாலும் 'நைட்ரோஸ்பைரா' என்ற வகை என்று 1998-ல் அமெரிக்காவில் டிமோதி ஹோவனெக் குழுவினர் எழுதிய ஆய்வு காட்டியது.

இந்த பாக்டீரியா தண்ணீரில் நீந்திக் கொண்டிருப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழுவழுப்பாக ஒட்டிக் குடியிருக்கும். அவை மெதுவாகப் பெருகும் இனம். புதுத் தொட்டியில் போதிய அளவு சேர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். காய்ந்தால் சாகும். குளோரின் தண்ணீர் பட்டால் சாகும். மோட்டாரை நிறுத்தி ஈரமாகவே மூடி வைத்தாலும், ஆக்சிஜன் கிடைக்காமல் ஓரிரு நாளில் அழுகத் தொடங்கும்.

அதனால் பழைய தொட்டி வாங்கும்போது அதில் உண்மையிலேயே விலை மதிப்புள்ள பொருள் கண்ணாடி அல்ல. அந்தப் பழுப்பு ஸ்பாஞ்ச். விற்கிறவர் மாதக்கணக்கில் மீன் வளர்த்துச் சேர்த்த சொத்து அது. வாங்குகிறவர் முதல் நாளே அதைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, பார்வைக்குப் பழையதும் உள்ளுக்குள் புத்தம்புதியதுமான ஒரு தொட்டியில் பன்னிரண்டு மீனை விடுகிறார்.

மீன் வளர்ப்பில் இதற்குப் 'புதுத் தொட்டி நோய்' என்றே பெயர். கிருமியால் வரும் நோய் இல்லை; கிருமி இல்லாததால் வரும் நோய்.

நாலு நாள் கணக்கு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் மேல்விளிம்புக்குக் கீழே கொஞ்சம் விட்டு நிரப்பினால் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு கிராம் தீனி போடுவதாக வைத்துக்கொள்ளலாம். குழந்தை ஆசையாக இரண்டு மூன்று தடவை சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் அவ்வளவுதான் வரும். ஒரு கிராம் தீனியிலிருந்து ஏறக்குறைய 30 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். 50 லிட்டரில் அது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். எடுக்க ஆளில்லாத தொட்டியில் நாலு நாளில் 2.4 மில்லிகிராம்.

இதில் எல்லாமே கொல்லாது. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று சாது; ஒன்று விஷம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் காரத்தன்மையும் சூடும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஏழரை. எட்டரை ஆனால் நூற்றுக்கு இருபது.

கடலூர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அப்படியானால் பி.எச். எட்டில் நாலாம் நாள் விஷ அமோனியா லிட்டருக்கு 0.18 மில்லிகிராம். 0.05-ஐத் தாண்டினாலே செவுள் பாதிக்கத் தொடங்கும் என்பது மீன் வளர்ப்போர் வைத்துக்கொள்ளும் எல்லை. அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். தண்ணீர் மட்டும் அப்போதும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அமோனியாவுக்கு நிறமில்லை. இந்த அளவில் மூக்குக்கும் தெரியாது.

இங்கே ஓர் உள்ளூர் விஷயம் சேர்ந்துகொள்ளும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய்வந்த குழந்தைகள் பொறுக்கி வந்த சிப்பியும் சங்கும் தொட்டிக்குள் அலங்காரமாகப் போகும். அவை சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரின் காரத்தைக் கூட்டும். ஏழு ஏழரையாக இருந்த தண்ணீரை எட்டை நோக்கித் தள்ளும். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் அமோனியாவில் விஷப்பங்கு பல மடங்காகும். கலர் மீனுக்குச் சிப்பி அழகு சேர்ப்பதில்லை. விஷத்துக்கு வீரியம் சேர்க்கிறது.

எப்போது செத்தது, எது முதலில் செத்தது?

மீன் செத்ததும் கடைக்கு ஓடி நீல மருந்து, மஞ்சள் மருந்து என்று வாங்கி ஊற்றுவது வழக்கம். அதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுத வேண்டியவை சில உண்டு: மீன் விட்ட நேரம், முதல் மீன் செத்த நேரம், செத்த மீனின் வகை, பிழைத்த மீனின் வகை, அன்றைக்கு வீட்டில் நடந்த புது விஷயம். இந்த ஐந்து வரி பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

சில மணி நேரத்துக்குள் எல்லாம் செத்தால் குளோரின், மிச்சமிருந்த சோப்பு அல்லது ஆசிட், திடீர் சூடு மாற்றம். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். மனிதருக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கு அதே அளவு கொலைக்காரத் தண்ணீர். மேல்நிலைத் தொட்டி கழுவிய அன்றும், மழை வெள்ளத்துக்குப் பிறகும் பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போடுவார்கள். போன வாரம் ஒன்றும் செய்யாத குழாய்த் தண்ணீர் இந்த வாரம் கொல்வது அதனால்தான்.

மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்தால் அமோனியா. செவுள் ரத்தச் சிவப்பாக வீங்கியிருக்கும். மீன் மூலையில் சோர்ந்து கிடக்கும், அல்லது மேலே வந்து தவிக்கும்.

இரண்டு, மூன்று வாரம் தாக்குப் பிடித்துவிட்டுச் செத்தால் நைட்ரைட். முதல் கூட்டம் வந்துவிட்டது, இரண்டாவது கூட்டம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். நைட்ரைட் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் கெடுக்கும். குமிழி நன்றாக வந்துகொண்டிருக்கும். மீன் மட்டும் மூச்சுக்குத் தவிக்கும். செவுள் பழுப்பாகத் தெரியும்.

விடியற்காலையில், அதுவும் கரண்ட் போன இரவுக்குப் பிறகு செத்தால் ஆக்சிஜன் குறைவு. 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 தான். இதில் ஒரு நல்ல தடயம் உண்டு. ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றை நேராகவே சுவாசிக்கும் உறுப்பு உள்ளவை. அவை மட்டும் பிழைத்து, பெரிய கோல்டு ஃபிஷ் முதலில் போயிருந்தால் ஆக்சிஜன்மேல் சந்தேகப்படலாம். ஃபைட்டரும் சேர்ந்து போயிருந்தால் விஷத்தைத் தேட வேண்டும்.

மீன்மேல் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி, பஞ்சு, கிழிந்த துடுப்பு தெரிந்தால் அப்போதுதான் அது நோய். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அப்போதுதான் வரும்.

பழைய தொட்டியின் பழைய ரகசியங்கள்

வாங்கிய தொட்டிக்கு ஒரு முன்கதை உண்டு. அதைக் கேட்காமல் வாங்குவது பழைய பைக்கை ஆர்.சி. புத்தகம் பார்க்காமல் வாங்குவது போல.

ஒழுகிய தொட்டியை ஒட்டிக் கொடுத்திருந்தால், எந்த சிலிகான் போட்டார்கள் என்று கேட்க வேண்டும். பாத்ரூமுக்கு விற்கும் சிலிகான் சிலவற்றில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். பாத்ரூமுக்கு அது நல்லது, மீனுக்கு விஷம். மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிகானாக இருந்தாலும், புளித்த காடி வாசனை முழுவதும் போகும்வரை தண்ணீர் நிரப்பக் கூடாது.

கண்ணாடியில் வெள்ளைக் கோடாகப் படிந்த உப்புக் கறையை எடுக்க பாத்ரூம் ஆசிட் போட்டிருக்கலாம். சமையல் வினிகரோ எலுமிச்சையோ போதும். அதையும் நன்றாக அலச வேண்டும். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

முன்பு அந்தத் தொட்டியில் மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து போட்டிருந்தால் கல்லிலும் சிலிகானிலும் அது தங்கியிருக்கலாம். நத்தையும் இறாலும் முதலில் செத்து, மீன் பிறகு சோர்ந்தால் செம்பை நினைக்க வேண்டும்.

தொட்டியைத் தாண்டி வீட்டையும் பார்க்க வேண்டும். ஏர் பம்ப் என்பது அறையில் இருக்கும் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதும் கருவி. கொசு விரட்டும் லிக்விட் மெஷின்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கடுமையானது. அந்த மெஷினும் ஏர் பம்பும் ஒரே பிளக் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பம்ப் இரவெல்லாம் கொசு மருந்தைத் தொட்டிக்குள் கொண்டு போகும். புதுப் பெயின்ட், கரப்பான் ஸ்பிரே, கட்டிலுக்கு அடித்த மூட்டைப்பூச்சி மருந்துக்கும் இதே கதைதான்.

'சிப்காட் தண்ணிதான் காரணமா?'

இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. கேட்கும் ஊருக்கு அதற்கான வரலாறு இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் வெளியிட்ட பட்டியலில் மிகக் கடுமையாக மாசுபட்டவையாகக் குறிக்கப்பட்ட 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்று. சிப்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றில் மீன் செத்து மிதப்பதைக் கரையோர மீனவர்கள் பார்த்திருக்கிறார்கள். இரவில் வேதி நெடி அடித்தால் ஜன்னலைச் சாத்தும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் தொட்டி மீன் சாகும்போது மனம் முதலில் அங்கேதான் போகும்.

ஆனால் சந்தேகம் எவ்வளவு நியாயமானதோ, அவ்வளவு முக்கியம் அதைச் சரியாகச் சோதிப்பது. எல்லாவற்றுக்கும் ஊர்த் தண்ணீரைச் சொல்லிவிட்டால் இரண்டு நஷ்டம். தொட்டியில் உள்ள பிழை திருந்தாது. நிஜமாகவே தண்ணீர் கெட்டிருக்கும் நாளில் சொன்னால் நம்ப ஆளிருக்காது.

சோதனை கடினமில்லை. மிச்சமிருக்கும் மீனைக் காப்பாற்றும் வேலையே சோதனையாகவும் ஆகும். அதற்கு வேண்டியது ஒரு வாளி.

சோப்பு படாத வாளி ஒன்றில் தொட்டிக்கு ஊற்றிய அதே தண்ணீரைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 'ஆன்டி குளோரின்' சொட்டு மருந்தை அளவாக விட வேண்டும். அவசரமில்லையென்றால் குமிழி விட்டு ஒரு நாள் திறந்து வைத்தாலும் குளோரின் போகும். தண்ணீர் தொட்டியின் சூட்டிலேயே இருக்க வேண்டும். பிறகு தவிக்கும் மீன்களை அதில் மாற்றி, ஏர் பம்பின் குழாயையும் போட்டு, தீனி போடாமல் விட வேண்டும். தினம் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும்.

வாளிக்குப் போன மீன் சில மணி நேரத்தில் தெளிந்தால், ஊர்த் தண்ணீர் குற்றவாளி இல்லை. தொட்டிக்குள் சேர்ந்ததுதான் குற்றவாளி. வாளியிலும் அதே தவிப்புத் தொடர்ந்தால் பக்கத்தில் இரண்டாவது வாளி வைத்து, வேறு ஊரில் பிடித்து வந்த தண்ணீரிலோ, நல்ல தொட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டுத் தண்ணீரிலோ மாற்றிப் பார்க்கலாம். அங்கே மீன் தெளிந்தால் தண்ணீர்மேல் வைத்த சந்தேகத்துக்குக் கால் முளைக்கிறது. அங்கேயும் தெளியவில்லையென்றால் செவுள் மீள முடியாதபடி புண்ணாகிவிட்டது, அல்லது நோய்.

தண்ணீர்மேல் சந்தேகம் வலுத்தாலும் அது உடனே தொழிற்சாலைக் கழிவு என்று ஆகிவிடாது. போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். பிடித்த உடனே மீனை விட்டால் திணறும். ஒரு நாள் குமிழி விட்டால் சரியாகும். சில போர்களில் இரும்பு அதிகம். பிடித்து வைத்தால் செம்மண் நிறத்தில் படியும், அந்தப் படிவு செவுளை அடைக்கும். கடலோரப் போர்களில் உப்பு ஏறியிருக்கலாம். மோலி தாங்கும், டெட்ரா தாங்காது. இவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். வீட்டார் குடிப்பதும் அதே தண்ணீர் என்றால் அந்தச் செலவு மீனுக்கானது அல்ல.

இதில் இரண்டு பக்கமும் ஒரு எச்சரிக்கை உண்டு. மீன் செத்ததால் தண்ணீர் மனிதருக்குக் கெட்டது என்று ஆகாது; குளோரின் தண்ணீரே அதற்குச் சாட்சி. மீன் பிழைத்ததால் தண்ணீர் நல்லது என்றும் ஆகாது; மெல்ல மெல்லச் சேரும் விஷங்களை ஒரு வார மீன் சொல்லாது. அமெரிக்காவில் நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ போன்ற நகரங்கள் குடிநீரில் திடீரென விஷம் கலந்தால் தெரிந்துகொள்ள 'புளூகில்' என்ற மீனைக் காவலுக்கு வைத்தன. அங்கேயும் மீன் அடித்தது எச்சரிக்கை மணி மட்டும்தான். என்ன விஷம் என்பதைச் சொன்னது ஆய்வுக்கூடம்.

ஆற்றில் மீன் மிதந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான். விடிகாலையிலா, பகலிலா? ஒரே இனமா, எல்லா இனமுமா? நண்டும் இறாலும் சேர்ந்தா? அந்த நேரத்திலேயே தண்ணீர் பிடித்து வைத்தார்களா? அலை ஏறி இறங்கினால் ஆற்றில் சாட்சி போய்விடும். தொட்டியைக் கவனித்துப் பழகிய கண் ஆற்றையும் கவனிக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

தொட்டியில் மீன் செத்துக்கொண்டிருக்கும்போது இதைப் படிக்கிறவர்களுக்கு, வரிசையாக:

முதலில் தீனியை நிறுத்த வேண்டும். வளர்ந்த மீன் மூன்று நாலு நாள் பட்டினியைச் சுலபமாகத் தாங்கும். அடுத்து, செத்த மீனை உடனே எடுக்க வேண்டும். பூந்தொட்டி மண்ணில் ஆழமாகப் புதைத்தால் உரமாகும்.

மூன்றாவது, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீரை மாற்ற வேண்டும். குளோரின் நீங்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மறுநாளும் மாற்ற வேண்டும். முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது பலர் செய்வது, அதுதான் தப்பு. வந்து கொண்டிருந்த கொஞ்ச பாக்டீரியாவும் அதோடு போகும்.

நாலாவது, குமிழியைக் கூட்ட வேண்டும். ஐந்தாவது, சிப்பி, சங்கு, பவளக்கல்லை வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டு, மூன்று வாரமான தொட்டியில் நைட்ரைட் என்று தோன்றினால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு உதவும். 50 லிட்டருக்கு 50 கிராம். ஒரு சொம்பில் கரைத்துச் சிறிது சிறிதாக, சில மணி நேரம் இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும். உப்பில் இருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். செடியும் செதில் இல்லாத மீனும் இருந்தால் பாதி அளவு போதும்.

மருந்து? வெள்ளைப் புள்ளியோ பஞ்சோ கண்ணால் பார்க்காதவரை வேண்டாம். சில மருந்துகள் ஃபில்டரில் ஒட்டத் தொடங்கிய பாக்டீரியாவையும் கொல்லும்.

முடிந்தால் ஒரு சொட்டு மருந்து அமோனியா டெஸ்ட் கிட் வாங்கலாம். பன்னிரண்டு மீனைத் திரும்ப வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை. நிறத்தைப் பார்த்து அளவு தெரிந்துவிட்டால் வீட்டில் நடக்கும் விசாரணையும் அன்றோடு முடியும்.

மறுபடி தொடங்கும்போது

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்த இடம். அப்படிப்பட்ட குஞ்சு பொரிப்பகம் எதிலும் மீனுக்கு முன்னால் தயாராவது ஃபில்டர்தான். வீட்டுக்கும் அதே வரிசைதான்.

பழைய தொட்டியை இனிமேல் வாங்கப் போகிறவர்கள், விற்பவர் வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பார்ப்பது நல்லது. ஸ்பாஞ்சையும் ஒரு கை கூழாங்கல்லையும் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் போட்டு, மூடாமல் கொண்டுவந்து, அன்றைக்கே மோட்டாரை ஓடவிட்டால் ஆறு வாரக் காத்திருப்பு பெருமளவு குறையும். ஸ்பாஞ்ச் அடைத்திருந்தால் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும்.

ஸ்பாஞ்ச் ஏற்கெனவே கழுவிக் காய்ந்துவிட்டது என்றால், மீன் வளர்க்கும் நண்பரிடமோ, பழகிய கடைக்காரரிடமோ கேட்கலாம். "அண்ணே, ஓடுற ஃபில்டர்ல இருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் தர்றீங்களா?" என்று கேட்டால், விஷயம் தெரிந்த கடைக்காரர் கேட்பவரை மரியாதையாகப் பார்ப்பார். ஆனால் அங்கே நோய் மீன் இல்லையென்று பார்த்து வாங்க வேண்டும்.

எதுவும் கிடைக்காவிட்டால் மீனில்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு நாலு முதல் ஆறு வாரம் மோட்டார் ஓட வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். அந்த நாளை டெஸ்ட் கிட் சொல்லும்.

பிறகு மூன்றே மூன்று கப்பி அல்லது மோலி. மீன் வந்த கவரை அப்படியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். கவர் தண்ணீர் உள்ளே வேண்டாம். சென்னை கொளத்தூரிலிருந்து பல மணி நேரம் பயணப்பட்டு வந்த கவரானால் இதில் அதிக நேரம் எடுக்கக் கூடாது. மூடிய கவரில் மீன் விட்ட கரியமில வாயு அமோனியாவைச் சாதுவாக வைத்திருக்கும். கவரைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, அமோனியா விஷ வடிவுக்கு மாறத் தொடங்கும்.

இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. 50 லிட்டருக்கு எட்டுப் பத்துச் சின்ன மீன் போதும். கோல்டு ஃபிஷ் அந்தத் தொட்டிக்கு ஆகாது. அது நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் சக்கர் மீன் ஓரடியைத் தாண்டி வளரும். வளர்ந்த பிறகு அதை ஏரியிலோ உப்பனாற்றிலோ விடவே கூடாது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி நாட்டு மீனின் இடத்தைப் பிடிக்கும் இனம் அது. வேண்டாமென்றால் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

தீனி விஷயத்தில் குழந்தையைத் திட்டுவதைவிட ஒரு வேலை கொடுப்பது பலன் தரும். ஞாயிற்றுக்கிழமை ஏழு சின்னக் காகிதப் பொட்டலங்களில் நாளுக்கு ஒன்றாக, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு தீனி மடித்து வைத்தால், காலையில் ஒன்றைப் பிரித்துப் போடும் பொறுப்பு குழந்தையுடையது. பொட்டலம் தீர்ந்தால் தீனி தீர்ந்தது.

மீன் செத்த வீட்டில் குழந்தை ஒரு கேள்வி கேட்கும்: "என்னாலதான் செத்துச்சா?" அதற்கு உண்மையான பதில் இருக்கிறது. பன்னிரண்டு மீனையும் ஒரே நாளில் விட்டது பெரியவர்கள். ஸ்பாஞ்சைக் கழுவியதும் பெரியவர்கள். ஒரு சிட்டிகை தீனி கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தொட்டியில் அந்த மீன்கள் பிழைத்திருக்க வழி மிகக் குறைவு. அதைக் குழந்தையிடம் அப்படியே சொல்லிவிட்டு, கையில் டெஸ்ட் கிட்டின் சின்னக் கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, ஐந்தைந்து சொட்டாக எண்ணவிடலாம். ஆறு வாரம் காத்திருக்கக் குழந்தைகளுக்குத் தெரியும். பெரும்பாலும் அவசரப்படுவது பெரியவர்கள்தான்.